1950 என்.எஃப்.எல். சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கிற நண்பர்களோடு பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் நேராக 1950-க்குப் போய்விடுவேன். அதைக் கேட்பவர்களுக்கு வருகிற சந்தேகங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எத்தனையோ சீசன் இருக்கே, 1950-ல அப்படி என்ன விசேஷம்?

நான்கு வருஷம் போட்டி லீகாக நடந்து மூடப்பட்ட ஏ.ஏ.எஃப்.சி. என்ற அமைப்பிலிருந்து மூன்று அணிகள் அந்த ஆண்டு என்.எஃப்.எல்.-க்குள், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொழில்முறை லீகுக்குள் வந்தன. அவற்றில் ஒன்றான கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ், வந்த முதல் வருஷமே கோப்பையைத் தூக்கியது. இறுதி ஆட்டம் கடைசி 28 விநாடியில் முடிவானது.

அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 38.8 புள்ளி எடுத்தது. அந்தச் சராசரியை இன்றுவரை எந்த அணியும் தாண்டவில்லை. சொந்த ஊர் ஆட்டங்கள் எல்லாவற்றையும் டிவியில் காட்டி ஓர் அணி கையைச் சுட்டுக்கொண்டதும் அந்த வருஷம்தான். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இன்றைய என்.எஃப்.எல்.-இன் பாதி வேர்கள் அங்கே தெரியும்.

எனக்கு இந்த ஆட்டத்தோட விதியே தெரியாது. படிச்சா புரியுமா?

புரியும். மைதானம் 100 கெஜம். பந்து கையில் இருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு ஒரு கூடுதல் உதைக்கு 1 புள்ளி. டச்டவுன் முடியாது என்று பட்டால் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம். அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்து வைத்திருப்பவரை அவருடைய கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கிவிட்டால் அது சேஃப்டி, மடக்கிய அணிக்கு 2 புள்ளி.

தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் பந்தை எறிவது பாஸ், அதை எதிரணி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். இவ்வளவு தெரிந்தால் போதும்.

1950 சூப்பர் பவுல்ல யார் ஜெயிச்சா?

சூப்பர் பவுல் என்பதே கிடையாது. அது 1967 ஜனவரியில்தான் தொடங்கியது. 1950-ல் இரண்டு பிரிவுகளின் முதலிட அணிகளும் ஒரே ஓர் இறுதி ஆட்டத்தில் மோதும், அவ்வளவுதான். அதில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 30-28 என்று ராம்ஸை வென்றது. நாள் டிசம்பர் 24, இடம் கிளீவ்லாண்ட் முனிசிபல் ஸ்டேடியம்.

மொத்தம் எத்தனை அணி? அமெரிக்கன், நேஷனல்னு பிரிச்சிருக்காங்களே, இப்ப இருக்கிற ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. அதுதானா?

13 அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம். அமெரிக்கன் பிரிவில் ஆறு, நேஷனல் பிரிவில் ஏழு. இன்றைய ஏ.எஃப்.சி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது 1960-ல் ஆடத் தொடங்கிய இன்னொரு லீகின் வழியாக 1970-ல் வந்தது. பெயர் ஒத்துப்போகிறதே தவிர வம்சம் வேறு.

ஒற்றைப்படையில் 13 அணிகள் இருந்ததால் அட்டவணை போடுவது தலைவலி. பால்டிமோர் கோல்ட்ஸை நேஷனல் பிரிவில் சேர்த்துவிட்டு, மற்ற 12 அணிகளோடும் தலா ஒருமுறை ஆட வைத்துச் சமாளித்தார்கள். பாவப்பட்ட அணி அது, பின்னால் வருகிறேன்.

ஏ.ஏ.எஃப்.சி.ன்னா என்ன? நல்லா ஓடிட்டிருந்த லீகை ஏன் மூடினாங்க?

ஆல்-அமெரிக்கா ஃபுட்பால் கான்ஃபரன்ஸ். சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் 1944-ல் முன்னின்று அமைத்தது. போர் முடிந்து 1946-ல் ஆட்டங்கள் தொடங்கின. முதலில் ஒரு பந்தை வாங்கட்டும், அப்புறம் பேசலாம் என்று அன்றைய என்.எஃப்.எல். கமிஷனர் எல்மர் லேடன் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள்.

நல்லா ஓடிக்கொண்டிருந்தது என்பது பாதி உண்மை. இரண்டு லீகும் ஒரே கல்லூரி வீரர்களுக்காக ஏலம் விட்டதில் சம்பளம் ஏறியது, இரு பக்கமும் பல முதலாளிகள் பணம் இழந்தார்கள். அதோடு பிரவுன்ஸ் நான்கு வருஷமும் சாம்பியன் ஆனது. 54 லீக் ஆட்டங்களில் 47 வெற்றி, 3 சமன், 4 தோல்வி மட்டுமே. யார் ஜெயிப்பார்கள் என்று முன்னமே தெரிந்த லீகுக்கு எத்தனை நாள் டிக்கெட் விற்கும்? கிளீவ்லாண்டிலேயே கூட்டம் குறைந்தது. 1949 டிசம்பர் 9 அன்று இணைப்பு அறிவிக்கப்பட்டது. பிரவுன்ஸ், சான்பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸ் ஆகிய மூன்றும் உள்ளே வந்தன. மற்ற அணிகளின் வீரர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

டம்மி லீக்ல ஜெயிச்சுட்டு வந்தவங்கதானே பிரவுன்ஸ்? என்.எஃப்.எல்.-ல யாரும் பயப்படலையா?

பயப்படவில்லை. பிரவுன்ஸ் ஜெயித்ததெல்லாம் இரண்டாம் தர எதிரிகளை என்பதுதான் என்.எஃப்.எல். பக்கத்தில் பொதுவான எண்ணம். அதைச் சோதித்துவிடலாம் என்றே கமிஷனர் பெர்ட் பெல் சீசனின் முதல் ஆட்டத்தை அமைத்தார். 1948, 1949 இரண்டு வருஷமும் என்.எஃப்.எல். சாம்பியனான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக, ஈகிள்ஸின் ஊரிலேயே, மற்ற அணிகள் ஆடுவதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை இரவு. 1950 செப்டம்பர் 16. வந்தவர்கள் 71,237 பேர்.

அந்த முதல் ஆட்டத்துல என்னதான் நடந்தது?

35-10, பிரவுன்ஸ் வெற்றி. ஆரம்பத்திலேயே பிரவுன்ஸ் ஒரு பந்தை டச்டவுன் வரை கொண்டு போக, விதிமீறல் என்று அதை ரத்து செய்தார்கள். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் பிரவுன்ஸின் குவார்ட்டர்பேக் ஓட்டோ கிரஹாம் எறிந்த பந்தை டப் ஜோன்ஸ் பிடித்து ஓட, 59 கெஜ டச்டவுன். அன்று கிரஹாமின் பாஸ்கள் மொத்தம் 346 கெஜம்.

எனக்கு இதில் பிடித்தது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு தந்திரம். பயிற்சியாளர் பால் பிரவுன் தன் முன்வரிசை ஆட்களை ஒவ்வோர் ஆட்டத்துண்டிலும் (பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு முயற்சியிலும்) சற்றுச் சற்றாக விலகி நிற்கச் சொன்னார். எதிரே நிற்கும் ஈகிள்ஸ் ஆட்களும் அதற்கேற்ப விலகிக்கொண்டே போனார்கள். எல்லோரும் போதுமான அளவு அகன்று நின்ற பிறகு நடுவே பெரிய இடைவெளி. பிரவுன்ஸின் ஓட்டக்காரர் மேரியன் மோட்லி அதற்குள் புகுந்து ஓடினார். அதுவரை பாஸ், அதற்கு மேல் ஓட்டம். எதைத் தடுப்பது என்று ஈகிள்ஸுக்கு முடிவெடுக்க முடியவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஈகிள்ஸின் பெரிய ஓட்டக்காரர் ஸ்டீவ் வான் பியூரன் காயத்தால் அன்று ஆடவில்லை. ஆனாலும் 25 புள்ளி வித்தியாசத்தை அது ஒன்றே விளக்கிவிடாது.

ஒரு பாஸ் கூடப் போடாம ஒரு மேட்ச் ஜெயிச்சாங்கன்னு சொல்றாங்களே, அது கதைதானே?

கதையில்லை. மேலே சொன்ன தோல்விக்குப் பிறகு ஈகிள்ஸ் பயிற்சியாளர் கிரீஸி நீல், பிரவுன் கூடைப்பந்து பயிற்சியாளராகப் போகலாம், பந்தை அந்தரத்தில் எறிவதைத் தவிர வேறென்ன செய்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். டிசம்பர் 3 அன்று இரு அணியும் கிளீவ்லாண்டில் மறுபடி மோதின. பிரவுன்ஸ் கணக்கில் ஏறும்படி ஒரு பாஸ்கூட எறியவில்லை. எறிந்த ஒன்றும் விதிமீறலால் செல்லாமல் போனது. முடிவு 13-7, பிரவுன்ஸ் வெற்றி.

டச்டவுன் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? ஈகிள்ஸ் எறிந்த பாஸைத்தான் வாரன் லார் பிடித்து ஓடி டச்டவுன் ஆக்கினார். மீதியை லூ குரோசா இரண்டு ஃபீல்டு கோலாக உதைத்தார். ஈரத்தில் ஊறிய மைதானம் ஒரு காரணம். நீலின் கிண்டல் இன்னொரு காரணம் என்று நான் நம்புகிறேன். பால் பிரவுன் எதையும் மறக்கிற ஆள் அல்ல. அதற்குப் பிறகு ஒரு பாஸ்கூட எறியாமல் எந்த அணியும் ஓர் ஆட்டத்தை முடித்ததில்லை.

கூடைப்பந்து பற்றி ஓர் உபரித் தகவல்: கிரஹாம் நிஜமாகவே தொழில்முறைக் கூடைப்பந்தும் ஆடியவர். 1946-ல் சாம்பியனான ராச்செஸ்டர் ராயல்ஸ் அணியில் இருந்தார்.

பால் பிரவுன் அப்படி என்ன புதுசா பண்ணிட்டார்?

இன்று எல்லா அணியும் செய்வதை அன்று செய்தார். வீரர்களுக்குக் குறிப்பேடு கொடுத்து வகுப்பு எடுத்தார், தேர்வும் வைத்தார். எதிரணியின் ஆட்டங்களைப் படச்சுருளில் போட்டு அலசினார். 40 கெஜ ஓட்டத்தை நிறுத்துக்கடிகாரம் வைத்து அளந்தார். உதவிப் பயிற்சியாளர்களை வருஷம் முழுக்க வேலையில் வைத்திருந்தார்.

அடுத்து என்ன ஆடுவது என்பதை அந்தக் காலத்தில் குவார்ட்டர்பேக்தான் தீர்மானிப்பார். பிரவுன் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் ஆட்டத்துண்டுக்கும் முன்வரிசையில் ஆடும் ஒரு கார்டு வீரரை உள்ளே அனுப்பி, அவர் காதில் சொன்னதை கிரஹாமிடம் சேர்ப்பித்தார். கிரஹாமுக்கு இது எப்போதும் பிடித்ததில்லை.

ஆளை அப்படி மாத்தி மாத்தி அனுப்பலாமா? அந்தக் காலத்துல 11 பேரே முழுசா ஆடணும்னு கேள்விப்பட்டேனே?

அந்த விதி மாறியதும் 1950-ல்தான். அதற்கு முன்பு தற்காலிகமாகத் தளர்த்தியிருந்ததை நிரந்தரமாக்கி, எத்தனை பேரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஆக்கினார்கள். தாக்குதலுக்கு ஒரு குழு, தடுப்புக்கு ஒரு குழு என்று பிரிய அது வழிவிட்டது. ஆனால் பழக்கம் ஒரே நாளில் போய்விடாது. குரோசா உதைப்பது மட்டுமல்ல, முன்வரிசையில் டேக்கிளாகவும் முழு ஆட்டம் ஆடினார்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் பிரவுன்ஸை ரெண்டு தடவை தோற்கடிச்சதே, அப்புறம் எப்படி பிரவுன்ஸ் ஃபைனல் போச்சு?

இதைக் கேட்காத ஆளே இல்லை. பிரவுன்ஸின் 12 ஆட்டங்களில் இரண்டே தோல்வி, இரண்டும் ஜயன்ட்ஸிடம்: 6-0, 17-13. ஜயன்ட்ஸும் வேறு அணிகளிடம் இரண்டு தோற்று 10-2 (10 வெற்றி, 2 தோல்வி) என்று முடித்தது. நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்து முடிவு செய்யும் விதி அப்போது இல்லை. சமநிலை என்றால் இன்னோர் ஆட்டம். அதில் பிரவுன்ஸ் 8-3 என்று ஜெயித்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் அடுத்த பிரிவிலும் அதே கதைதான். சிகாகோ பேர்ஸ், ராம்ஸை இரண்டு முறையும் தோற்கடித்தது. இருவரும் 9-3. மூன்றாவது ஆட்டத்தில் ராம்ஸ் 24-14 என்று ஜெயித்தது. டாம் ஃபியர்ஸ் மூன்று டச்டவுன் பிடித்தார். ஆக, எதிராளியிடம் இரண்டு தடவை உதைபட்ட இரண்டு அணிகள்தான் இறுதி ஆட்டத்துக்கு வந்தன.

பிரவுன்ஸை பூஜ்யத்துல நிறுத்துற அளவுக்கு ஜயன்ட்ஸ்கிட்ட என்ன இருந்தது?

அக்டோபர் 1-ல் நடந்த அந்த 6-0 ஆட்டம், பிரவுன்ஸ் தன் வரலாற்றிலேயே புள்ளி எடுக்காமல் போன முதல் ஆட்டம். ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன், வழக்கமாக முன்னால் பாய்கிற ஆட்களில் இருவரைப் பின்னுக்கு இழுத்து பாஸைத் தடுக்க விட்டார். மேலிருந்து பார்த்தால் பின்வரிசை விரித்த குடை மாதிரி வளைந்திருக்கும். குடைத் தடுப்பு என்ற பெயரே வந்துவிட்டது.

அந்தக் குடையின் கம்பிகள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? டாம் லாண்ட்ரி, ஓட்டோ ஷ்னெல்பாக்கர், ஹார்மன் ரோ மூவருமே மூடப்பட்ட ஏ.ஏ.எஃப்.சி.யின் நியூயார்க் யாங்கீஸ் அணியிலிருந்து பங்கில் வந்தவர்கள். முன்வரிசை ஆர்னி வைன்மைஸ்டரும் அங்கிருந்துதான். லாண்ட்ரி பின்னாளில் டாலஸ் கவ்பாய்ஸின் பயிற்சியாளராக 29 வருஷம் இருந்தவர்.

8-3 ன்னு ஒரு ஸ்கோரா? எட்டு எப்படி வரும்?

இரண்டு ஃபீல்டு கோல், ஒரு சேஃப்டி. டிசம்பர் 17, கிளீவ்லாண்ட், உறைந்துபோன தரை. குரோசா முதலில் ஒன்று உதைத்து 3-0. அப்படியே நான்காவது கால் பகுதி வரை போனது. அப்போது ஜயன்ட்ஸின் ஜீன் ராபர்ட்ஸ் பந்தோடு தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடினார். டச்டவுன்தான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், நடு முன்வரிசை ஆளான பில் வில்லிஸ் பின்னாலிருந்து துரத்தி வந்து கோட்டுக்குச் சில கெஜம் முன்னால் அவரைச் சாய்த்தார். அந்த இடத்தில் ஆடுகிறவர் ஒரு ரன்னிங் பேக்கை, அதாவது பந்தோடு ஓடுவதே வேலையான ஆளைத் துரத்திப் பிடிப்பது நடக்கிற காரியமே அல்ல. அதற்குப் பிறகு ஜயன்ட்ஸ் போட்ட டச்டவுன் விதிமீறலால் ரத்தாகி, கடைசியில் ஒரு ஃபீல்டு கோலோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. 3-3.

ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தபோது குரோசா மறுபடி உதைத்தார், 6-3. கடைசி முயற்சியில் ஜயன்ட்ஸின் சார்லி கானர்லியை அவருடைய கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கியதில் மீதி இரண்டு. சீசனின் மறக்க முடியாத தருணம் இறுதி ஆட்டத்து உதை என்பார்கள். என் ஓட்டு வில்லிஸின் அந்தத் துரத்தலுக்குத்தான்.

ராம்ஸ் 12 ஆட்டத்துல 466 புள்ளியா? எதிரணி எல்லாம் தூங்கிட்டிருந்ததா?

சில அணிகள் கிட்டத்தட்ட தூங்கின. கோல்ட்ஸுக்கு எதிராக 70-27, அடுத்த வாரமே டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக 65-24. கிரீன் பே பேக்கர்ஸோடு இரண்டு ஆட்டத்தில் 45, 51. இந்த நான்கு ஆட்டங்களை மட்டும் கூட்டினாலே 231, மொத்தத்தில் பாதி. மறுபக்கம், ஈகிள்ஸ் ராம்ஸை 56-20 என்று நொறுக்கிய ஆட்டமும் உண்டு. வாங்கியதும் கொடுத்ததும் தாராளம்.

அதற்காக ராம்ஸைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஃபியர்ஸ் அந்த சீசனில் 84 பாஸ் பிடித்தார், அன்றைக்கு அது புதிய சாதனை. எல்ராய் ஹிர்ஷ் இன்னொரு பக்கம். கல்லூரிக் காலத்தில் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கி, ராணுவச் சேவை முடித்து வந்த கிளென் டேவிஸ் வேறு. ஒருவரை அடைத்தால் இன்னொருவர் திறந்திருப்பார்.

ரெண்டு குவார்ட்டர்பேக் வச்சு ஆடினாங்களாமே, சண்டை வரலையா?

பாப் வாட்டர்ஃபீல்ட், நார்ம் வான் பிராக்லின் இருவரையும் பயிற்சியாளர் ஜோ ஸ்டைடஹார் மாற்றி மாற்றி இறக்கினார். இருவருமே பின்னாளில் பெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். வெளியே உட்கார்ந்திருப்பது யாருக்கும் பிடிக்காதுதான். ஆனால் 38.8 சராசரி வருகிற ஏற்பாட்டை யார் கலைப்பார்கள்?

டிவியில காட்டினதால கூட்டம் குறைஞ்சதுன்னு சொல்றது நிஜமா? இப்ப டிவி பணத்துலதானே லீகே ஓடுது?

நிஜம். அட்மிரல் என்ற டிவி பெட்டி தயாரிக்கும் நிறுவனத்தோடு ராம்ஸ் ஒப்பந்தம் போட்டு, 1950-ல் சொந்த ஊர் ஆட்டங்களை உள்ளூரிலேயே ஒளிபரப்பியது. டிக்கெட் வருமானம் குறைந்தால் ஈடு கட்டுவதாக அட்மிரல் ஒப்புக்கொண்டிருந்தது. 1949-ல் 2 லட்சத்துக்கு மேல் இருந்த பார்வையாளர் கூட்டம், 1950-ல் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு விழுந்தது. அதுவும் மேலே சொன்ன மாதிரி புள்ளி மழை பொழிந்த சீசனில்! அட்மிரல் தன் கையிலிருந்து கட்டியது 3 லட்சம் டாலருக்கு மேல்.

அடுத்த வருஷம் உள்ளூர் ஒளிபரப்பை நிறுத்தியதும் கூட்டம் திரும்ப வந்தது. பெர்ட் பெல் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும்போது அந்த வட்டாரத்தில் டிவி இருட்டாக இருக்க வேண்டும் என்ற கொள்கை இறுகியது. 1953-ல் நீதிமன்றமும் அதை ஏற்றது. டிவி பணம் பெருக்கெடுத்தது அதற்குப் பின் வந்த காலத்தில்.

கருப்பின வீரர்கள் அப்ப ஆடினாங்களா?

ஆடினார்கள், ஆனால் எல்லா அணியிலும் இல்லை. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.-ல் ஒரு கருப்பின வீரர்கூட இல்லை. 1946-ல் ராம்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபோது, பொதுப் பணத்தில் கட்டிய கொலீசியம் மைதானத்தில் ஆட வேண்டுமென்றால் இந்த விலக்கு கூடாது என்று உள்ளூர்க் கருப்பினப் பத்திரிகையாளர்கள் நெருக்கினார்கள். கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் இருவரும் சேர்க்கப்பட்டார்கள். அதே வருஷம் பிரவுன்ஸில் மோட்லியும் வில்லிஸும். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகுக்கு வந்தது 1947-ல்.

1950 இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகளிலும் பல கருப்பின வீரர்கள் இருந்தார்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய திறமையை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டன் அணி 1962 வரை பிடிவாதமாக ஒருவரையும் சேர்க்கவில்லை. 1950-ல் அது 3-9.

மோட்லி ஒரே மேட்ச்ல 188 கெஜம் ஓடினாராமே?

ஆமாம், அக்டோபர் 29, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிராக. 11 முறைதான் பந்தை எடுத்து ஓடினார், அதாவது ஒரு தடவைக்கு 17 கெஜம். இந்தச் சராசரி 2002 வரை அசையவில்லை. சீசன் முழுக்க 810 கெஜம், லீகிலேயே அதிகம். ஓடாத நேரத்தில் கிரஹாமைத் தாக்க வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதும் அவர்தான்.

லென் ஃபோர்டுக்கு என்ன ஆச்சு?

பிரவுன்ஸின் தடுப்பு வீரர். அக்டோபரில் சிகாகோ கார்டினல்ஸோடு நடந்த ஆட்டத்தில் பாட் ஹார்டரின் முழங்கை முகத்தில் பட்டு தாடை எலும்பு உடைந்தது. முகக் கம்பி வைத்த தலைக்கவசம் பரவலாக இல்லாத காலம். அறுவை சிகிச்சை, திரவ ஆகாரம், எடை இறங்கிப்போனது. சீசன் முடிந்தது என்று நினைத்தவர், முகத்துக்குத் தனிப் பாதுகாப்பு மாட்டிக்கொண்டு இறுதி ஆட்டத்தில் இறங்கினார்.

சரி, அந்த ஃபைனலை முழுசா சொல்லுங்க.

முதலில் பின்னணி. ராம்ஸ் 1945 வரை கிளீவ்லாண்டின் சொந்த அணி. அந்த வருஷம் சாம்பியன் ஆன கையோடு ஊரைவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. இப்போது அதே ஊருக்கு, புது அணிக்கு எதிராக வந்து நிற்கிறது.

முதல் ஆட்டத்துண்டிலேயே வாட்டர்ஃபீல்ட் எறிய, கிளென் டேவிஸ் பிடித்து ஓட, 82 கெஜ டச்டவுன். தொடங்கி அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கிரஹாம் பதிலடி கொடுத்தார். ராம்ஸ் மறுபடி முன்னேறியது. பிரவுன்ஸின் இரண்டாவது டச்டவுனுக்குப் பின் கூடுதல் உதைக்காகத் தள்ளிய பந்து காற்றில் எகிறிவிட்டது, உதைக்கவே முடியவில்லை. அந்த ஒரு புள்ளியால் இடைவேளையில் 14-13, ராம்ஸ் முன்னிலை. மூன்றாவது கால் பகுதியில் டான்டே லவெல்லி பிடித்ததில் பிரவுன்ஸ் 20-14. பிறகு ராம்ஸ் ஒரு டச்டவுன் போட்டது. உடனேயே மோட்லி கையிலிருந்து நழுவிய பந்தை லாரி பிரிங்க் எடுத்துக் கோட்டைத் தாண்ட, 28-20.

நான்காவது பகுதியில் ரெக்ஸ் பம்கார்ட்னர் பிடித்த பாஸ், 28-27. மூன்று நிமிஷம் போல இருக்கும்போது கிரஹாம் முன்னேறி ஓடினார். மிலன் லாசெடிச் பார்வை படாத பக்கத்திலிருந்து மோதியதில் பந்து விழுந்து ராம்ஸ் கைக்குப் போனது. கிரஹாம் தலை குனிந்து வந்தபோது, எப்போதும் கடுகடுவென்று இருக்கும் பால் பிரவுன் கவலைப்படாதே, ஜெயித்துவிடலாம் என்று தோளில் தட்டினார் என்று கிரஹாமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராம்ஸால் நேரத்தைக் கரைக்க முடியவில்லை. 1 நிமிஷம் 48 விநாடி மிச்சம் இருக்க, பிரவுன்ஸுக்குத் தன் பக்கத்து 32-ஆவது கெஜத்தில் பந்து கிடைத்தது. கிரஹாம் தானே 14 கெஜம் ஓடினார், பிறகு வரிசையாகக் குறும் பாஸ்கள். உதைக்க வசதியாகப் பந்தை மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுவரவே கடைசியாக ஒரு சின்ன ஓட்டம். 28 விநாடி இருக்கும்போது குரோசா 16 கெஜத்திலிருந்து உதைத்தார். 30-28. ராம்ஸின் கடைசி நீளப் பாஸை வாரன் லார் பிடித்துவிட்டார்.

16 கெஜ ஃபீல்டு கோல்னா சின்னப் பசங்க கூட உதைப்பாங்களே, அதுக்கா இவ்வளவு புகழ்?

அப்போது கோல் கம்பங்கள் கோட்டின் மேலேயே நின்றன, இன்று மாதிரி 10 கெஜம் பின்னால் இல்லை. ஆக அதே உதை இன்று 26 கெஜம் என்று பதிவாகும். அப்படிப் பார்த்தாலும் சுலபம்தான். ஆனால் ஏரி ஈரியிலிருந்து வீசுகிற காற்று, இறுகிய தரை, கட்டைவிரல் முனையால் நேராக உதைக்கும் பழைய பாணி, இவை எல்லாம் இருக்கின்றன. அன்று முதல் பாதியில் கூடுதல் உதைக்கான பந்தே காற்றில் எகிறிப்போனதை மேலே பார்த்தோம். அதே ஆட்டத்தில் வாட்டர்ஃபீல்டும் கிட்டத்துத் தூரத்தில் ஒன்றைத் தவறவிட்டார். அது உள்ளே போயிருந்தால் குரோசாவின் உதையால் பயனில்லை.

இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு 29,751 பேர்தானா?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், உறைநிலைக்குக் கீழே குளிர். சுமார் 78,000 பேர் உட்காரக்கூடிய அரங்கில் பாதிக்கு மேல் காலி. வசூலில்தான் வீரர்களுக்குப் பங்கு என்பதால் அவர்களுக்கும் நஷ்டம்.

அந்த வருஷத்துச் சாதனை எதாவது இன்னும் நிக்குதா?

ராம்ஸின் சராசரி நிற்கிறது. யாரும் உடைக்க ஆசைப்படாத ஒன்றும் நிற்கிறது: சிகாகோ கார்டினல்ஸின் ஜிம் ஹார்டி, ஈகிள்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் எறிந்த 8 இன்டர்செப்ஷன். மனுஷன் நொந்துபோய் உட்காரவில்லை. அடுத்த ஆட்டத்தில் கோல்ட்ஸுக்கு எதிராக 6 டச்டவுன் பாஸ் எறிந்தார், அதில் ஐந்தைப் பிடித்தவர் பாப் ஷா.

நீண்ட காலம் நின்று பிறகு விழுந்தவையும் உண்டு. பாஸே போடாத அந்த டிசம்பர் 3 அன்றுதான், வேறோர் ஊரில் ஃபியர்ஸ் ஒரே ஆட்டத்தில் 18 பாஸ் பிடித்தார். 2000 வரை யாரும் தாண்டவில்லை. அதே நாளில் லயன்ஸின் கிளாய்ஸ் பாக்ஸ் 302 கெஜம். ராம்ஸ் 65 புள்ளி எடுத்த ஆட்டத்தில் தோற்ற பக்கத்து வாலி ட்ரிப்லெட் நான்கே கிக்ஆஃபை (ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைக்கும் பந்தை) எடுத்துத் திருப்பி 294 கெஜம் ஓடினார். அது 1994 வரை நின்றது.

ஏ.ஏ.எஃப்.சி. அவ்வளவு நல்ல லீக்னா, கூட வந்த மத்த ரெண்டு அணியும் ஏன் உதை வாங்கின?

நியாயமான கேள்வி, என்னிடம் வாதாடுகிறவர்கள் கடைசியில் எடுக்கும் ஆயுதமும் இதுதான். ஃபார்ட்டி நைனர்ஸ் 3-9, கோல்ட்ஸ் 1-11. அதிலும் கோல்ட்ஸ் முந்தைய வருஷம் ஏ.ஏ.எஃப்.சி.யிலேயே கடைசி இடம். மொத்த லீகும் என்.எஃப்.எல்.-க்குச் சமம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அணிகளை மட்டும் எண்ணினால் போதாது, ஆட்களையும் எண்ண வேண்டும். பிரவுன்ஸைத் தோற்கடித்த ஒரே அணியின் பின்வரிசை எங்கிருந்து வந்தது என்று மேலே சொன்னேன். இறுதி ஆட்டத்தில் டச்டவுன் பிடித்த பம்கார்ட்னர் ஏ.ஏ.எஃப்.சி.யின் பஃபலோ அணியிலிருந்து வந்தவர். ஃபோர்டு லாஸ் ஏஞ்சலஸ் டான்ஸிலிருந்து. தரம் அங்கே இருந்தது, சமமாகப் பரவியிருக்கவில்லை.

அந்த 1-11 கோல்ட்ஸ்தான் பின்னாடி குவார்ட்டர்பேக் ஜானி யுனைட்டாஸ் ஆடின கோல்ட்ஸா?

இல்லை. 1950 கோல்ட்ஸின் ஒரே வெற்றி பேக்கர்ஸுக்கு எதிராக. சீசன் முடிந்ததும் முதலாளி ஏப்ரகாம் வாட்னர் 50,000 டாலர் வாங்கிக்கொண்டு உரிமத்தை லீகிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீரர்கள் மற்ற அணிகளுக்குப் பிரிந்தார்கள், குவார்ட்டர்பேக் ஒய்.ஏ. டிட்டில் ஃபார்ட்டி நைனர்ஸுக்குப் போனார். 1953-ல் வந்தது அதே பெயரில் புது அணி. இரண்டிலும் ஆடிய ஆர்ட் டோனவன், இடையில் நியூயார்க் யாங்ஸ், டாலஸ் டெக்சன்ஸ் என்று இரண்டு அணிகளைப் பார்த்துவிட்டார். டெக்சன்ஸும் ஒரே சீசனில் மூடப்பட்டது.

உண்மையைச் சொல்லுங்க, ராம்ஸ்தானே சிறந்த அணி? பிரவுன்ஸுக்கு அதிர்ஷ்டம்தானே?

அந்த ஒரு நாளை மட்டும் எடுத்தால் விவாதிக்கலாம். சீசன் முழுக்கப் பார்த்தால் நான் பிரவுன்ஸ் பக்கம். ராம்ஸ் எடுத்த 466-ஐப் பேசுகிறவர்கள் பிரவுன்ஸ் கொடுத்தது 12 ஆட்டத்தில் 144 மட்டுமே என்பதை விட்டுவிடுகிறார்கள். ராம்ஸை நொறுக்கிய அதே ஈகிள்ஸ், பிரவுன்ஸுக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து எடுத்தது 17.

ஒன்றை மட்டும் ராம்ஸ் ரசிகர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். 1951 இறுதி ஆட்டத்தில் இதே இரண்டு அணிகள் லாஸ் ஏஞ்சலஸில் மோதின. வான் பிராக்லின் எறிந்து ஃபியர்ஸ் பிடித்த 73 கெஜ டச்டவுனில் ராம்ஸ் 24-17 என்று ஜெயித்தது. அன்று பிரவுன்ஸிடம் பதில் இல்லை.